பழகிய கற்பனை உலகுக்குத் திருப்பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகி ரோல்பிளேயிங் ஆட்டம் ஆடும் குழுக்களில் சில, ஒரே கற்பனை உலகில் ஆண்டுக்கணக்காக ஆடி வருகின்றன. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்) கையால் வரைந்த வரைபடம், இரண்டு மூன்று தலைமுறைக் கேரக்டர்கள், அடுக்கடுக்காக நோட்டுப் புத்தகங்கள் என்று அந்த உலகம் கனத்துப்போயிருக்கும். அதைத் தூக்கிப் போடாமல் புதுக்க விரும்பும் மொரீசியஸ் தமிழ்க் குழுக்களுக்காக இந்தப் பக்கம். எண்கள் வரும் இடங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் விதிகளைக் கணக்கில் கொண்டிருக்கிறோம். வேறு விதியில் ஆடுபவர்கள் அளவை மாற்றிக்கொள்ளலாம், முறை அதேதான்.

உலகம் பழசாகிவிட்டதா, டிஎம் களைத்துவிட்டாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

டிஎம்மை இரண்டு மாதம் ஆட்டக்காரராக உட்கார வையுங்கள். வேறொருவர் வேறொரு சின்ன ஆட்டத்தை நடத்தட்டும். இரண்டு மாதத்துக்குள் டிஎம் தானாகவே பழைய உலகைப் பற்றிப் பேச்செடுத்தால் அது வெறும் களைப்பு. பேச்சே எடுக்கவில்லை என்றால் உலகைத்தான் பார்க்க வேண்டும்.

உலகம் பழசானதற்கு நேரடி அடையாளங்களும் உண்டு. புதிதாகச் சேருபவருக்கு முன்கதை சொல்லவே ஒரு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு வில்லனும் முந்தைய வில்லனின் தம்பியாகவோ சீடனாகவோ இருப்பான். ஒரு செஷனில், அதாவது ஒரு தடவை கூடி ஆடும் ஆட்டத்தில், மூன்று முறைக்கு மேல் டிஎம் தன் சொந்தக் குறிப்பைத் தேடுவார். "இந்த ராஜாவை நாம ஏற்கெனவே கொன்னுட்டோமே" என்று யாராவது நினைவுபடுத்துவார்கள். இவற்றில் இரண்டு இருந்தாலே வேலையைத் தொடங்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது? பழைய குறிப்புகளை முழுக்கப் படிக்க வேண்டுமா?

குறிப்புகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். குறிப்பில் இருப்பது டிஎம் எழுதிய உலகம். ஆட்டக்காரர்களின் நினைவில் இருப்பதுதான் நடந்த உலகம். திருப்பணி நடந்த உலகத்துக்குத்தான்.

ஒரு மாலை எல்லோரையும் கூட்டுங்கள். ஆளுக்கொரு தாள், 15 நிமிடம். யாரும் யாருடனும் பேசாமல், குறிப்பு பார்க்காமல், இந்த உலகத்தில் தனக்கு நினைவிருக்கும் பத்து விஷயங்களை எழுத வேண்டும். ஊர், ஆள், சண்டை, சாப்பாடு, பாட்டு, எதுவானாலும் சரி. டிஎம்மும் எழுத வேண்டும், ஆனால் அவர் தாள் கணக்கில் சேராது. பிறகு தாள்களை ஒப்பிடுங்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் தாளில் வந்தது தூண். ஒருவர் தாளில் மட்டும் வந்தது அவருக்குரிய நகை. பத்திரமாக வைக்க வேண்டும், ஆனால் பாரம் தாங்காது. டிஎம் தாளில் மட்டும் வந்ததை மாற்றலாம், நீக்கலாம், யாருக்கும் வலிக்காது.

இது டிஎம்முக்குக் கசப்பாக இருக்கலாம். மூன்று மாதம் உழைத்து எழுதிய பேரரசின் வம்சாவளி ஒருவர் தாளிலும் இருக்காது. நள்ளிரவில் சும்மா உளறிய ஒரு மீன்காரி நான்கு தாளில் இருப்பாள். அந்த மீன்காரிதான் தூண். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு தூண்கள் தேறும். பத்துக்கு மேல் தேறினால் உங்கள் உலகம் நல்ல உடல்நிலையில் இருக்கிறது, வண்ணம் பூசினால் போதும்.

எவ்வளவு மாற்றலாம்?

கோயில் திருப்பணி தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். விமானத்துக்குச் சுதை வேலை நடக்கும், தளம் புதிதாகப் போடுவார்கள், விரிசல் அடைப்பார்கள். மூலவர் இருந்த இடத்தில் இருப்பார். தூண்களைத் தொடாதீர்கள். தூண் அல்லாதவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் கைவைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் போனால் ஆட்டக்காரர்களுக்குத் தங்கள் கேரக்டர் எந்த ஊரில் நிற்கிறான் என்றே தெரியாமல் போகும்.

எது சின்ன மாற்றம், எது பெரிது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. நம் ரூபாய் நோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் வந்த நோட்டுகளில் தமிழ் எழுத்து இருந்த வரிசை மாறி, தமிழுக்கு முன்னால் இந்தி வந்தது. பார்த்தால் சின்ன மாற்றம்தான், ஆனாலும் தமிழ்ச் சமூகம் கொதித்தது. அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். உங்கள் உலகிலும் அப்படி ஒரு வரி எங்கேயோ இருக்கும். தாள் சோதனையில் அது வெளிவந்துவிடும்.

புதுப்பிக்கும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். நிறுத்திய குழுக்கள் பெரும்பாலும் கலைந்துவிடுகின்றன. இங்கேயும் கோயில் முறைதான் கைகொடுக்கும்: கருவறையில் வேலை நடக்கும்போது பாலாலயம் அமைத்து, தெய்வ சக்தியைக் கலசத்திலோ படத்திலோ ஆவாகனம் செய்து, பூசை அங்கே நடந்துகொண்டிருக்கும்.

உங்கள் உலகில் ஒரே ஒரு ஒதுக்குப்புற ஊரைத் தேர்ந்தெடுங்கள். தூண் எதுவும் இல்லாத ஊர். முதல் லெவல் கேரக்டர்கள், நான்கிலிருந்து ஆறு செஷன், ஊர் எல்லையைத் தாண்டாத கதை. வெளியுலகச் செய்தி வணிகர்கள் வழியாக வதந்தியாக மட்டும் வரும். அந்த வதந்திகளில் நீங்கள் திட்டமிடும் மாற்றங்களைத் தூவிப் பாருங்கள். எந்த வதந்தியைக் கேட்டு ஆட்டக்காரர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்களோ அதை நிஜமாக்குங்கள். யாரும் கண்டுகொள்ளாதது வதந்தியாகவே போகட்டும். வதந்தியைத் திருத்துவதற்கு எந்த விளக்கமும் தேவையில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி.

காலத்தை முன்னே தள்ளலாமா? எத்தனை ஆண்டு?

தள்ளலாம். ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு விலை உண்டு.

மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு என்றால் பழைய கேரக்டர்கள் அப்படியே தொடரலாம். குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள், கடன் வட்டியோடு நிற்கும், கட்டிய கோட்டைக்குக் கூரை போட்டிருப்பார்கள். சோர்ந்த உலகுக்கு இதுவே பல நேரம் போதும்.

இருபதிலிருந்து இருபத்தைந்து ஆண்டு எங்களுக்கு மிகப் பிடித்த அளவு. பழைய நாயகர்கள் இப்போது ஐம்பது வயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மாணவர்களும் புது நாயகர்கள். பழைய செயலின் விளைவு முழுதாகப் பழுத்திருக்கும், செய்தவரும் உயிரோடு இருப்பார். ஒரு கிராமத்தை எரித்தவரும் எரிந்த கிராமத்தின் பிள்ளையும் ஒரே சந்தையில் சந்திக்க முடியும்.

நூறு ஆண்டு அபாயம். ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற புகழ்பெற்ற உலகுக்கு 2008இல் இதுதான் நடந்தது. நான்காம் பதிப்பு விதிகளுக்காக, மந்திரமே நிலைகுலையும் ஒரு பேரழிவை வைத்து, காலத்தை ஏறத்தாழ நூறு ஆண்டு தள்ளினார்கள். ஆட்டக்காரர்கள் இருபது ஆண்டாகப் பழகிய மனிதப் பாத்திரங்களில் மிகப் பலர் ஒரே அடியில் போய்விட்டார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, இன்னொரு பெரு நிகழ்வை வைத்து மறைந்த நாடுகளையும் கடவுள்களையும் பலவாறாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நூறு ஆண்டுத் தாவலில் இன்னொரு கோளாறும் இருக்கிறது: எல்ஃப்கள். மனிதரல்லாத இந்த மரபினர் விதிப்படி 750 வயது வரை வாழ்பவர்கள், குள்ள மரபினரான டுவார்ஃப்கள் 350. மனித ஆட்டக்காரர் எல்லாவற்றையும் இழந்து நிற்க, பக்கத்து நாற்காலிக்காரரின் எல்ஃப் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருப்பாள். இந்த ஏற்றத்தாழ்வை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

எந்த அளவானாலும், இடைப்பட்ட ஆண்டுகளை டிஎம் தனியாக எழுதக் கூடாது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் மூன்று வரி எழுத வேண்டும்: அந்த ஆண்டுகளில் ஊரில் நடந்த ஒரு நல்லது, ஒரு கெட்டது, ஒரு புரளி.

ஒரு பேரழிவு வைத்தால் எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிடாதா?

பேரழிவு எளிதாகத் தெரிவதால்தான் எல்லோரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அழிவு ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்கு அடுத்த செஷனில் என்ன ஆடுவது என்பதுதான் கேள்வி.

நம் தீவில் 1960 பிப்ரவரியில் கேரொல் புயல் அடித்தது. காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை வீசியது. நம் தீவின் தோற்றத்தை மாற்றியது அந்தக் காற்று மட்டுமில்லை, அதற்குப் பின் வந்த கான்கிரீட்டும்தான். மரமும் ஓலையும் தகரமும் போட்ட வீடுகள் போய், தட்டைக் கூரை கான்கிரீட் வீடுகள் வந்தன. வீடிழந்தவர்களுக்கு அரசு கட்டிய சித்தேக்கள் என்ற குடியிருப்புகள் எழுந்தன. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பதே மாறியது. உங்கள் உலகில் டிராகன் நகரத்தை எரித்ததா? எரித்த காட்சிக்குப் பத்து நிமிடம் போதும். கல் யார் கொடுத்தார்கள், கடன் யார் தலையில், பழைய தெருக்காரர்களுக்குப் புதுத் தெருவில் வீடு கிடைத்ததா, எந்தக் குடும்பம் மட்டும் இன்னும் ஓலைக்குடிசையில் இருக்கிறது? புதுப்பிப்பு இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

ஒரு கடுமையான விதி சொல்கிறோம்: பேரழிவைத் தடுக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காமல் அவர்கள் தூண்களை இடிக்காதீர்கள். டார்க் சன் என்ற பாலைவன உலகம் 1991இல் வந்தது. அதன் நகரங்களை ஆண்ட கொடிய சூனிய அரசர்கள் சிலரை அந்த உலகை வைத்து எழுதிய நாவல்களின் மாந்தர்கள் கொன்றுவிட்டார்கள். 1995இன் திருத்திய பதிப்பு அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. மேசையில் உட்கார்ந்தவர்கள் செய்ய ஆசைப்பட்ட பெரிய காரியங்களை வேறு யாரோ முன்பே செய்து முடித்திருந்தார்கள். டிஎம்முக்குப் பிடித்த என்பிசி (ஆட்டக்காரர் யாரும் ஆடாமல் டிஎம்மே பேசும் பாத்திரம்) திரைக்குப் பின்னால் உலகைக் காப்பாற்றுவதும் இதே தவறுதான்.

ஆட்சி மாற்றம் எப்படி?

பேரழிவைவிட மிக நல்லது. எல்லோரும் செய்யும் பிழை, புது அரசன் வந்ததும் சட்டம், மொழி, உடை எல்லாவற்றையும் மாற்றிவிடுவது. உண்மையில் ஆட்சி மாறும்போது பாதி அப்படியே நிற்கும். எந்தப் பாதி நிற்கிறது என்பதில்தான் சுவை.

1810இல் பிரிட்டிஷார் இந்தத் தீவைப் பிடித்தபோது, சரணடைவு ஒப்பந்தத்தில் குடிகளின் மதம், சட்டம், வழக்கம் காக்கப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். விளைவை இன்றும் பார்க்கிறோம்: சிவில் சட்டத்தின் வேர் பிரெஞ்சுத் தொகுப்பில், நாடாளுமன்ற மொழி ஆங்கிலம், செய்தித்தாள் பெரும்பாலும் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல். வென்றவரின் கொடியின் கீழ் தோற்றவரின் பத்திரம் செல்லும். உங்கள் உலகில் ஓர்க் என்ற மனிதரல்லாத மரபினரின் பேரரசு மனித நகரத்தைப் பிடித்தால், மனித நிலப்பத்திரங்கள் செல்லுபடியாகட்டும். நீதிபதி ஓர்க், வழக்கறிஞர் மனிதர், சட்டப்புத்தகம் டுவார்ஃப் மொழியில். ஆறு செஷனுக்குக் கதை இதிலேயே இருக்கிறது.

செய்முறை: ஒரு தாளில் எட்டு வரி போடுங்கள். சட்டம், வரி, நாணயம், கோயில், பள்ளி, சந்தை, காவல், நிலம். புது ஆட்சி இவற்றில் மூன்றை மட்டும் மாற்றுகிறது. எந்த மூன்று என்பதைத் தீர்மானித்ததும் யார் கோபத்தில் இருக்கிறார்கள் என்பது தானாகத் தெரியும்.

வரைபடத்தை மறுபடி வரைய வேண்டுமா?

கரையோரத்தையும் மலைகளையும் தொடாதீர்கள். பெயர்களை மாற்றுங்கள். பழைய வரைபடத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து, பழைய பெயர் கறுப்பு, ஆட்சியாளர் வைத்த பெயர் சிவப்பு, ஊர்க்காரர்கள் கூப்பிடும் பெயர் பச்சை என்று மூன்று நிறத்தில் எழுதுங்கள். எல்லா ஊருக்கும் மூன்று பெயர் தேவையில்லை. ஐந்தாறு ஊருக்குப் போதும். இந்தத் தீவு 1598இல் டச்சுக்காரர் வாயில் மொரீசியஸ், 1715இலிருந்து பிரெஞ்சுக்காரருக்கு ஈல் த ஃப்ரான்ஸ், 1810க்குப் பிறகு மறுபடி மொரீசியஸ். போர்ட் லூயி சில காலம் போர்ட் நெப்போலியன். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே ஒரு என்பிசி எந்தப் பக்கம் என்று ஆட்டக்காரர் ஊகிக்கத் தொடங்கினால் வரைபடம் வேலை செய்கிறது என்று பொருள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். உலகம் அலுத்துப்போகும்போது டிஎம்கள் புதுக் கண்டம் ஒன்றைச் சேர்ப்பார்கள். அது பாரத்தைக் கூட்டும். மாறாகச் சுருக்குங்கள். 10 கிலோமீட்டர் அகல அறுகோணக் கட்டங்களில் மொரீசியஸ் தீவைப் போட்டால் ஏறத்தாழ 22 கட்டங்களில் அடங்கிவிடும். விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 38 கிலோமீட்டர் போகலாம். வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எத்தனை மலை, எத்தனை காடு, எத்தனை கோயில் என்று நமக்குத் தெரியும். 22 கட்டத்தில் ஒன்றரை ஆண்டு ஆடலாம். செய்தி இரண்டு நாளில் எங்கும் போய்ச் சேரும் என்பதால் ஆட்டக்காரர்கள் செய்த எதற்கும் பதில் உடனே வரும்.

மான்ஸ்டர்கள் அலுத்துவிட்டன. சில இனங்களை அழித்துவிடலாமா?

அழிக்கலாம், காரணத்தைச் சின்ன உயிரில் வையுங்கள். டோடோவை மாலுமிகள் தின்று தீர்த்தார்கள் என்று சொல்வது பாதிக் கதை. கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் இருந்த கூடுகளைச் சூறையாடின, காடும் வெட்டுப்பட்டது. டச்சுக்காரர் 1598இல் இறங்கினார்கள். பலரும் ஏற்கும் கடைசிப் பார்வை 1662. அறுபத்து நான்கு ஆண்டு.

ஆகவே "டிராகன்கள் மறைந்துவிட்டன" என்று அறிவிக்காமல், டிராகன் முட்டையைத் தின்னும் ஒரு பூனையளவு பிராணியை உலகில் விடுங்கள். அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதுதான் கேம்பெயின், அதாவது பல செஷன்களுக்கு நீளும் கதை. எதிர்த்திசையும் நன்றாக வேலை செய்யும்: 1974இல் காட்டில் நான்கே நான்கு மொரீசியஸ் கெஸ்ட்ரல் பறவைகள்தான் இருப்பதாகக் கண்டறிந்தார்கள், கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டு, மீட்டார்கள். கடைசி நான்கு கிரிஃபின்களை (கழுகுத் தலைச் சிங்கங்களை) காப்பது எந்த அரக்கன் வேட்டைக்கும் குறையாத சாகசம்.

எல்லோர் கையிலும் தங்கம் குவிந்துவிட்டது. என்ன செய்வது?

திருட வேண்டாம், வரி போட்டுப் பிடுங்கவும் வேண்டாம். ஆட்டக்காரர்கள் அதை மன்னிப்பதில்லை. முதலில் அந்தப் பணத்தின் கனத்தை அவர்களுக்குக் காட்டுங்கள். விதிப்புத்தகத்தில் பயிற்சியில்லாத கூலியாளுக்கு நாளொன்றுக்கு 2 வெள்ளிக்காசு. 10 வெள்ளி ஒரு பொன். 10,000 பொன் வைத்திருக்கும் குழு ஒரு கூலியாளின் 50,000 நாள் உழைப்பை, அதாவது 137 ஆண்டு உழைப்பை, மூட்டையில் கட்டித் தோளில் போட்டிருக்கிறது. இதைக் கேட்டதும் மேசை கொஞ்ச நேரம் அமைதியாகும். அதன்பின் அந்த ஊரில் அரிசி என்ன விலை, யார் இவர்களிடம் கைநீட்டுவார்கள், யார் இவர்களைக் கண்டு பயப்படுவார்கள் என்பதெல்லாம் கதையாகும்.

புதுப்பித்த உலகில் பழைய பணம் நிலமாக, கப்பலாக, அறக்கட்டளையாக மாறியிருக்கட்டும். புதுக் கேரக்டர்கள் வெள்ளிக்காசில் தொடங்கட்டும். மந்திரப் பொருட்களுக்கும் இதே வழி: பழைய நாயகனின் வாளை அழிக்காமல் கோயிலிலோ குடும்பத்திலோ வையுங்கள். யார் எடுக்கத் தகுதியானவர் என்ற சண்டை தானாக வரும்.

பழைய கேரக்டர்களை என்பிசி ஆக்கலாமா?

அந்த ஆட்டக்காரர் அனுமதித்தால் மட்டும். அவர் என்ன பேசுவார், என்ன செய்யவே மாட்டார் என்று மூன்று மூன்று வரி எழுதி வாங்குங்கள். லெவல், தாக்குதல் எண் எதுவும் எழுதாதீர்கள். எழுதினால் யாராவது சண்டைக்கு இழுப்பார்கள். குழுவை விட்டுப் போனவரின் கேரக்டரை ஊருக்கு வெளியே அனுப்பிவிடுங்கள், கொல்ல வேண்டாம். அவர் ஒருநாள் திரும்பி வரலாம்.

பழைய குறிப்புகளில் முரண்பாடுகள் நிறைய. எதை உண்மையாகக் கொள்வது?

மேசையில் நடந்தது உண்மை. எழுதியது இரண்டாம் பட்சம். மேசையில் நடந்த இரண்டே ஒன்றுக்கொன்று முரணானால், இரண்டையும் உலகத்துக்குள் இரண்டு சாட்சிகளின் வாக்குமூலமாக்கிவிடுங்கள்.

பழைய உலகில் அடிமைச் சந்தை இருக்கிறது, ஓர்க்குகள் எல்லோரும் பிறவியிலேயே தீயவர்கள். இப்போது உறுத்துகிறது.

உறுத்த வேண்டியதுதான். இந்தத் தீவில் இந்த மேசையில் அது வெறும் கதைப்பொருள் ஆகாது. பிப்ரவரி 1 அடிமை ஒழிப்பு நாள், நவம்பர் 2 ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள், இரண்டும் விடுமுறை. தப்பியோடிய அடிமைகள் லெ மோர்ன் மலையில் ஒளிந்து வாழ்ந்தார்கள். மேசையில் இருப்பவர்களில் இரண்டு பக்கத்து வம்சமும் இருக்கும்.

புதுப்பிக்கும்போது மூன்று வேலை. முதலாவது, செஷன் தொடங்குமுன் எல்லோரும் உட்கார்ந்து பேசும் பூஜ்ய செஷன்: எது ஆட்டத்தில் வரவே கூடாது, எது வரலாம் ஆனால் விவரிக்கக் கூடாது என்று இரண்டு பட்டியல். மேசை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை. யார் தொட்டாலும் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. இரண்டாவது, அடிமைமுறை உலகில் இருந்தே ஆக வேண்டும் என்றால் சந்தையைக் காட்டாமல் தப்பியவர்களின் மலையூரைக் காட்டுங்கள்: அவர்களுடைய காவல், உணவு, பாட்டு, கட்டுப்பாடு. அவர்களைக் காப்பாற்ற வெளியிலிருந்து வந்த வீரன் தேவையில்லை. மூன்றாவது, ஓர்க்குகளுக்குப் பிறவிக் குணத்தை எடுத்துவிட்டு ஒரு அரசியலைக் கொடுங்கள். 2024இன் விதிப்புத்தகம் பழைய "ரேஸ்" என்ற சொல்லையே விட்டுவிட்டது. தமிழில் "இனம்" என்று மொழிபெயர்த்தால் பழைய பாரம் திரும்பி வந்து உட்காரும்; "மரபு" என்று சொல்லிப் பழகுங்கள்.

பழைய செஷன்களில் நடந்ததை நடக்கவில்லை என்று மறைக்க வேண்டாம். அன்று ஓர்க் கிராமத்தைச் சூறையாடிய குழுவின் பெயரை ஓர்க் பிள்ளைகள் இன்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதை உலகில் வையுங்கள்.

நம் தெய்வங்களை உலகில் வைக்கலாமா?

வணங்கும் தெய்வத்துக்கு உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்ற எண்) எழுதாதீர்கள். முருகனையோ மாரியம்மனையோ சண்டை அட்டவணையில் வைத்தால் யாரோ ஒருவர் வீட்டில் அது நிச்சயம் புண்படுத்தும். வேண்டுதல், விரதம், ஊர்வலம், அன்னதானம் என்ற வடிவங்களை எடுத்துக் கற்பனைத் தெய்வத்துக்குக் கொடுங்கள். பத்து நாள் விரதமிருந்து ஒரு பாரம் சுமந்து மலையேறினால் மட்டும் கிடைக்கும் வரம், எந்த மந்திர அட்டவணையையும்விட ஆட்டக்காரர்களைப் பிடித்து இழுக்கும்.

எந்த மொழியில் ஆடுவது? எங்கள் மேசையில் எல்லோருக்கும் சரளமாகத் தமிழ் வராது.

விதிச்சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஃபயர்பால் ஃபயர்பாலாகவே இருக்கட்டும். சந்தையும் துறைமுகமும் கிரியோலில் நடக்கட்டும். தமிழை உலகத்தின் ஒரு உயிருள்ள மக்களுக்குக் கொடுங்கள்: கல் தச்சர்கள், கப்பல் கட்டுபவர்கள், மருத்துவச்சிகள். சிலர் தமிழைக் கல்வெட்டுக்கும் மந்திரத்துக்கும் மட்டும் ஒதுக்குகிறார்கள். எங்களுக்கு அதில் சம்மதம் இல்லை. பிள்ளைகள் அதைச் செத்த மொழியாகவே பழகிவிடுவார்கள். ஒரு செஷனுக்கு ஐந்து புதுச் சொல், அட்டையில் எழுதி மேசையில். சரியான இடத்தில் பயன்படுத்தினால் ஒரு பகடையை மறுபடி உருட்டலாம். இது நன்றாக வேலை செய்கிறது.

புதுப் பதிப்பு விதிக்கு மாறுவதையும் இதோடு சேர்த்துச் செய்யலாமா?

பிரித்துச் செய்யுங்கள். முதலில் உலகம், மூன்று மாதம் கழித்து விதி; அல்லது நேர்மாறாக. இரண்டும் ஒன்றாக மாறினால் எது பிடிக்கவில்லை என்று ஆட்டக்காரருக்கே சொல்லத் தெரியாது. விதி மாறியதற்கு உலகத்துக்குள் காரணம் தேடவும் வேண்டாம். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அசாசின் (கொலையாளி) என்ற கேரக்டர் வகுப்பு நீக்கப்பட்டது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் அதற்காக அசாசின்கள் எல்லோரும் ஒரு கடவுளின் கையால் மடிந்ததாகக் கதை செய்தார்கள். உங்கள் மேசையில் "இன்றிலிருந்து இந்த மந்திரம் இப்படி" என்று சொன்னால் போதும்.

உலகில் பின்னணியில் நடப்பதை எப்படிக் கண்காணிப்பது?

அதிகபட்சம் ஐந்து கட்சிகள், அதாவது உலகில் தனித்தனியாகக் காய் நகர்த்தும் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம், ஆறு துண்டாகப் பிரித்த ஒரு வட்டம். ஒவ்வொரு செஷன் முடிந்ததும், ஆட்டக்காரர்கள் தடுக்காத கட்சிகளில் இரண்டுக்கு மட்டும் ஒரு துண்டு நிரப்புங்கள். மூன்றாம் துண்டில் வதந்தி, ஐந்தில் கண்ணுக்குத் தெரியும் அடையாளம், ஆறில் நோக்கம் நிறைவேறும். ஆறாவது கட்சி வர வேண்டுமானால் ஒன்று வீழ வேண்டும்.

புதிதாகச் சேருபவருக்கு என்ன கொடுப்பது?

ஒரே பக்கம், 300 சொல். வரலாறு வேண்டாம். இன்று இந்த ஊரில் யார் யாரோடு சண்டை, என்ன சாப்பிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள், ஒரு புதியவர் எங்கே வேலை தேடலாம். மீதி ஆட்டத்தில் தெரிந்துகொள்வார்.

எங்கள் உலகைப் புத்தகமாக வெளியிடலாமா?

உலகம் உங்களுடையது என்றால் தாராளமாக. விதிகளுக்கு, ஐந்தாம் பதிப்பின் எஸ்ஆர்டி 5.1 (அடிப்படை விதிகளின் தொகுப்பு) ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. அதில் உள்ளதைப் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். அதில் இல்லாத மான்ஸ்டர்களையும் பிறர் உலகங்களின் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் இரண்டையும் வெளியீட்டாளர் தனக்கென்று வைத்திருக்கிறார்.

புயல் காலத்தில் குறிப்புகளை எப்படிப் பாதுகாப்பது?

நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை தூண்களின் பட்டியல், கட்சி வட்டங்கள், வரைபடம் மூன்றையும் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். மின்சாரம் போனாலும் மெழுகுவர்த்தியில் ஆடலாம். கியூர்பிப் பக்கம் ஈரத்தில் மை பரவும், ஏ3 வரைபடத்தை லேமினேட் செய்துவிடுவது நல்லது. லேமினேட் மேல் அழிக்கக்கூடிய பேனாவால் எழுதினால் டிரேசிங் பேப்பரும் மிச்சம்.

புதுப்பித்த உலகின் முதல் செஷனை எப்படித் திறப்பது?

எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு தூணில். அறிமுக உரை வேண்டாம். அந்த மீன்காரி நான்கு தாளில் வந்திருந்தால் அவள் கடையில் தொடங்குங்கள். இருபது ஆண்டு போயிருக்கிறது. கடைக்கு இப்போது கல் சுவர், பலகையில் பெயர் வேறு மொழியில். அவள் பேத்தி மீன் அறுத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளேயிருந்து பழைய குரல் மட்டும் வரட்டும்: "யாரு வந்திருக்கா தம்பி? போன தடவை சாப்பிட்ட காசு இன்னும் பாக்கி இருக்கு."

பிறகு டிஎம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் பேசுவது ஆட்டக்காரராக இருக்கட்டும்.